பில்லில் புது ரேடியேட்டர், வண்டியில் கறுப்புப் பெயின்ட்

கொழும்பில் பழைய ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். கூலிங் பாகங்கள் மாற்றவென்று 248,500 ரூபா கட்டினேன். அதில் உண்மையாக மாறியது ஒரு பம்ப் மட்டும்தான். அதுவும் வேறு எந்த வண்டியிலோ கழற்றியது.

என்னுடையது 2011 ப்ரியஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பிறகு டொலர் ஏறியது, 2025இல் திறந்துவிட்டபோது விலையைக் கேட்டுவிட்டு இருக்கிற வண்டியே போதும் என்று முடிவெடுத்த ஆட்களில் நானும் ஒருவன். ஆகவே அது நின்றால் எனக்கு வேறு வழி இல்லை. கராஜ்காரருக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வண்டியில் வெப்பமானி முள் கிடையாது. சூடு ஏறுகிறது என்று மெல்ல மெல்லச் சொல்லும் பழக்கமே அதற்கு இல்லை, எல்லை தாண்டிய பிறகுதான் சிவப்பு. ஓரங்கட்டி நிறுத்தி, தெரிந்த ஒருவர் சொன்ன கராஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பெயர் இப்போதைக்கு வேண்டாம், முறைப்பாடு நடக்கிறது. இன்பொக்ஸிலும் கேட்காதீர்கள்.

ஸ்கேனரைக் குத்திப் பார்த்துவிட்டு எஞ்சின் வாட்டர் பம்ப் என்றார்கள். அது உண்மைதான், அந்தளவுக்குப் பிழை சொல்ல மாட்டேன். முந்தைய கார்களில் இந்தப் பம்பை பெல்ட் சுற்றும். பழுதாகும் முன் ஒழுகும், சத்தம் போடும். ப்ரியஸில் பெல்டே இல்லை, பம்ப் கரண்டில் ஓடுகிறது. உள்ளே மோட்டாரும் எலக்ட்ரோனிக் பலகையும் சேர்ந்து ஒரே உருப்படி. சில்லறைச் சாமான் போட்டுத் திருத்த வழியில்லை, முழுசாக மாற்ற வேண்டும். ரேடியேட்டரும் அப்படித்தான். அப்பாவின் பழைய காருக்குப் பித்தளை ரேடியேட்டர். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். இப்போது நடுவில் அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. பிளாஸ்டிக் வெடித்தால் யார் பற்றவைப்பது?

செலவு கூடுவதற்கு இவை நியாயமான காரணங்கள். ஏமாற்றுகிறவருக்கும் இவைதான் கைகொடுத்தன.

"அண்ணை, பம்ப் மட்டும் மாத்தினா திரும்ப வருவீங்க. இதுல ரெண்டு கூலிங் இருக்கு, எஞ்சினுக்கு ஒண்டு, இன்வெர்ட்டருக்கு ஒண்டு. இன்வெர்ட்டர் போச்செண்டா அஞ்சு இலட்சம். செட்டா மாத்திடுவம்" என்றார் முதலாளி. இன்வெர்ட்டர் என்பது பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. இரண்டு சுற்று இருப்பது உண்மை. தனித்தனிப் பம்ப், தனித்தனித் தொட்டி. ஆனால் எஞ்சின் பக்கத்துப் பம்ப் பழுதானதற்காக இன்வெர்ட்டர் பக்கத்துப் பம்பையும் மாற்ற வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. அஞ்சு இலட்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் தலையாட்டிவிட்டேன்.

பில்: புது பம்ப் 68,000, புது ரேடியேட்டர் 85,000, தெர்மோஸ்டாட் 14,500, இன்வெர்ட்டர் பம்ப் 42,000, கூலன்ட் 9,000, லேபர் 30,000. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். "பழைய இரும்புக்காரன் காலையிலயே அள்ளிட்டுப் போயிட்டான்" என்றார்கள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

வண்டி சூடாகவில்லை. இரண்டு கிழமை சந்தோஷமாக ஓடினேன். ஆனால் பெற்றோல் கணக்கு இடித்தது. நகரத்துக்குள் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தந்த வண்டி 13க்கு இறங்கியது. சிக்னலில் நின்றால் எஞ்சின் அணைந்து பேட்டரியில் நிற்கும் வண்டி, விடாமல் உறுமிக்கொண்டே நின்றது. அப்புறம் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கொண்டு போனேன். சென்சர் பிழை என்று சொல்லி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, சிரித்து அனுப்பினார்கள். நான்காம் நாள் மறுபடி எரிந்தது.

மனைவியின் தம்பி ஓபிடி கருவி ஒன்று வாங்கித் தந்தான். காரில் குத்தினால் கூலன்ட் வெப்பநிலை போனில் தெரியும். காலிக்குப் போகும்போது அதிவேகப் பாதையில் பார்த்தேன்: 58 பாகை. 85, 90இல் நிற்க வேண்டிய எஞ்சின்! சூட்டுக்குப் பயந்து இரண்டரை இலட்சம் கொடுத்தவனுக்கு எஞ்சின் குளிர்கிறது என்ற வியாதி.

கிருலப்பனையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் இருக்கிறார், பாதி சிங்களம் பாதி தமிழில் கதைப்பார். 58 என்று சொன்னதுமே, தெர்மோஸ்டாட் உள்ளே இல்லை என்றார். திறந்தால், இல்லைதான். 14,500 ரூபாய்ச் சாமானின் இடத்தில் வெறும் ஓட்டை. இந்த ஊர்ச் சூட்டுக்கு அது எதற்கு என்று கழற்றி வீசும் வழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் இருந்ததாம். கூலன்ட் 82 பாகை அளவுக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றுகிறது, எஞ்சின் சூடேற மாட்டாது. சூடேறாத எஞ்சினை ஹைபிரிட் அணைக்காது. என் பெற்றோல் போன வழி அது.

மற்றவற்றையும் காட்டினார். ரேடியேட்டரில், இரண்டு வருடத்துக்கு முன் கல் பட்டு நசுங்கிய அதே தகடுகள், மேலே ஸ்ப்ரே பெயின்ட். நகத்தால் சுரண்டினேன், கறுப்பு உதிர்ந்தது. இன்வெர்ட்டர் பம்ப்பின் மேல் வருடக்கணக்கான தூசி, கிளிப்புகளில் யாரும் கைவைத்த அடையாளமே இல்லை. 68,000 ரூபாய்ப் "புது" பம்பைக் கழற்றினால், உள்ளே விசிறியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. தொட்டியில் டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் இல்லை, பைப் தண்ணீரில் கலந்த ஏதோ பச்சை. வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்டேன். அதே பம்ப் ரீகண்டிஷன், அதாவது பாவித்தது, 14,000 ரூபா என்றார்கள். துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிப்பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும்.

பம்பும் தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் நானே வாங்கிக் கொடுத்தேன். மாற்றியபின் காற்று எடுக்க மட்டும் பாஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மினக்கெட்டார். குழாயில் காற்று அடைத்து நின்றால் பம்ப் புதிதாக இருந்தும் பயனில்லையாம். முதல் கராஜில் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை, சாவியைத் தந்துவிட்டார்கள்.

பில்லோடு திரும்பிப் போனபோது முதலாளி கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "வேற இடத்துல கழட்டினா வாரண்டி இல்லையே அண்ணை" என்றார். கடைசியில் 20,000 தருகிறேன் என்றார். வாங்கவில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நல்லகாலம் பில்லில் சாமான் வாரியாகப் போட்டிருந்தார்கள். "கூலிங் வேலை" என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் என்னால் எதைக் காட்ட முடியும்? நீங்களும் பில்லில் ஒவ்வொரு சாமானுக்கும் நேரே புதுசா ரீகண்டிஷனா என்று எழுத வையுங்கள். வண்டியை விட முன் போனட்டைத் திறந்து நாலு படம் எடுங்கள், பழைய சாமான் கைக்கு வராமல் காசை எண்ணாதீர்கள். அந்த ஓபிடி கருவிக்குப் போகும் சில ஆயிரம் வீண் போகாது.

உப்புப் படிந்த பம்ப் இப்போது ஷொப்பிங் பையில் சுற்றி டிக்கியில் கிடக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.