4.9 ஸ்டாரை நம்பி எடுத்த முகவரி ஏபிஐ: எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்

வெளி ஏபிஐகளை (நம் செயலி வேறொரு சேவையிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழி) கோத்துச் செயலி கட்டுபவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். எங்களுக்கு மூன்று வார உழைப்பு போனது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள்.

எங்கள் டெலிவரி செயலியில் ஐந்து வெளிச் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முகவரியைக் கொடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை தருவது முதல் சேவை. அதை வைத்துத்தான் வழி, நேரம், கட்டணம், எஸ்எம்எஸ் எல்லாம். ஏபிஐ சந்தை ஒன்றில் 4.9 ஸ்டார் இருந்ததைப் பார்த்து அதை எடுத்தோம். பேக்கப்புக்கு வேறு பெயரில் இருந்த இன்னொன்று.

ஒரு திங்கட்கிழமை காலை டிரைவர்கள் அடுத்தடுத்து போன் செய்தார்கள். முகவரிகள் வேறு வேறு. எல்லாரும் போய் நின்றதோ ஒரே நாற்சந்தி. செயலியின் பதிவேடான லாக்கைத் திறந்தால் 17 ஆர்டருக்கும் கடைசித் தசமம் வரை ஒரே புள்ளி, அந்த ஊரின் மையம். அந்தச் சேவையின் தேடல் உள்ளே படுத்துவிட்டது. அதைப் பிழை என்று சொல்லாமல், ஊர் மையத்தை எடுத்து நீட்டி '200 ஓகே', அதாவது 'எல்லாம் சரி' என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். 200 வந்தால் எங்கள் நிரல் பேக்கப்புக்குப் போகாது. சரி, கையால் மாற்றுவோம் என்று மாற்றினோம். அதிலும் அதே புள்ளி! தெருப் பெயரில் இருந்த எழுத்துப்பிழைகூட இரண்டிலும் ஒன்றுதான். ஒரே சரக்கை இரண்டு பெயர்ப்பலகை மாட்டி விற்றிருக்கிறார்கள்.

அவ்வளவு நேரமும், சேவை ஓடுகிறதா என்று காட்டும் அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாகவே இருந்தது. நஷ்டஈடு கேட்டதற்கு, "சர்வர் பதில் கொடுத்ததே, ஒப்பந்தப்படி அது டவுன்டைம் (சேவை நின்ற நேரம்) இல்லை" என்றார்கள். ஒப்பந்தத்தைப் படித்தேன், உண்மைதான். பதில் சரியாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இதை நான் கையெழுத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

99.9% அப்டைம் (சேவை ஓடும் நேரம்) என்றாலே 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அப்படி ஐந்தை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் நின்றால், மொத்தம் 99.5%தான், மாதத்துக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் போய்விடும். தவறான பதில்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அப்புறம் ரிவ்யூக்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மொத்தம் 31, அதில் 26 ஒரே வாரத்தில் வந்தவை. எதற்குப் பயன்படுத்தினோம், எங்கே தடுமாறியது என்று ஒருவரும் எழுதவில்லை. சராசரி ஸ்டார் இதையெல்லாம் மறைத்துவிடும். யோசாங், இஸ்மாயில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் முன்வைத்த பீட்டா முறை இதற்கு உதவும்: நல்ல அனுபவங்களோடு 1 கூட்டி, மொத்தத்தோடு 2 கூட்டி, வகுத்துப் பாருங்கள். ஐந்து ரிவ்யூவில் ஐந்தும் நல்லதாக வாங்கிய சேவைக்கு 0.86தான் வரும், 500இல் 480 நல்லதாக வாங்கியதற்கு 0.96. போலி ரிவ்யூவை இது பிடிக்காது, ஆனால் நாலு பேர் சொன்னதை நானூறு பேர் சொன்னதாக எடுத்துக்கொள்ள விடாது.

இப்போது எங்களுக்குச் சரியான விடை தெரிந்த 200 முகவரிகளை மணிக்கொரு முறை ஒவ்வொரு சேவைக்கும் அனுப்பி, மதிப்பெண்ணை நாங்களே போடுகிறோம். பேக்கப் எடுக்கும் முன் இல்லாத முகவரிகளை இரண்டுக்கும் அனுப்பிப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே மாதிரி உளறினால் அந்தப் பேக்கப் வேண்டாம்.

நான் போட்ட ஒற்றை ஸ்டார் ரிவ்யூ இரண்டு நாளில் காணாமல் போனது. அந்தச் சேவை இன்றும் 4.9 ஸ்டாரோடு அங்கேயே இருக்கிறது.