வெளிச்சுவருக்குச் சிவப்பு அடிக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். மேற்கு பார்த்த வீடு, எதிரே ரோடு, ரோட்டைத் தாண்டினால் வயல்தான், மதியத்துக்கு மேல் பொழுது சாய்கிற வரைக்கும் வெயிலை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. போன ஆவணியில் வெளிச்சுவர் முழுக்கச் செங்கல் சிவப்பு அடித்தோம். பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 28 ரூபாய் என்று பேசி, 2,100 சதுர அடிக்கு 58,800 ரூபாய் கொடுத்தோம். வீட்டுக்காரர் குவைத்தில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணம் அது.

ஐப்பசியில் முதல் பெரிய மழை ராத்திரி முழுக்கப் பெய்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தால் திண்ணை ஓரமெல்லாம் குங்குமத்தைக் கரைத்துக் கொட்டின மாதிரி தண்ணீர் தேங்கி நிற்கிறது. சுவரில் சன்ஷேடுக்குக் கீழே மட்டும் நிறம் அப்படியே இருக்க, மற்ற இடத்தில் மேலிருந்து கீழே கோடு கோடாக வழிந்திருந்தது. அன்றைக்கே பையன் பள்ளிக்கூட வேனுக்காகச் சுவரில் சாய்ந்து நின்றான், வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் சிவப்பு. இரண்டு தடவை ஊறவைத்துத் துவைத்தும் போகவில்லை.

உடனே பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்தவருக்குப் போன் போட்டேன். "அக்கா, புதுப் பெயிண்ட் முதல் மழைக்கு அப்படித்தான் விடும், அப்புறம் சரியாயிடும்" என்றார். சரி என்று நம்பினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு, ஏனென்றால் அந்த வாரமே கையோடு பிடித்திருந்தால் ஆளாவது கிடைத்திருப்பார். மாசிக்குள் மேற்குச் சுவர் வெளிறிப்போன ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது, கையால் தடவினால் மாவு மாதிரி ஒட்டுகிறது. இப்போது அவர் போனை எடுப்பதில்லை.

என்ன நடந்தது என்பது அவர் விட்டுப்போன பக்கெட்டில்தான் தெரிந்தது. 20 லிட்டர் பக்கெட் இரண்டு. அத்தை அதில் ஒன்றை மாட்டுக்குக் கழுநீர் வைக்க எடுத்து, தேங்காய் நாரைப் போட்டு வெளியே வழிந்திருந்த பெயிண்டைத் தேய்த்துக் கழுவினார்கள். அந்தச் சிவப்பு உரிந்ததும் உள்ளே இருந்த எழுத்து தெரிந்தது: இன்டீரியர் எமல்ஷன், வெள்ளை. கொல்லையில் தென்னை மட்டைக்கு அடியில் 200 மில்லி ஸ்டெய்னர், அதாவது பெயிண்டில் கலக்கிற சாயம், அந்தப் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன, பொறுக்கி எண்ணினேன், 23. அதாவது உள்சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டை வாங்கி, எங்கள் கொல்லையிலேயே சாயத்தை ஊற்றிக் குச்சியால் கலக்கி அடித்திருக்கிறார்.

இதில் மூன்று கோளாறு இருக்கிறது, நான் ஏமாந்த பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. உள்சுவர் எமல்ஷன் மழையையும் வெயிலையும் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டதே இல்லை. அடுத்தது, பெயிண்டைச் சுவரோடு பிடித்து வைப்பது அதில் இருக்கிற பசை. 40 லிட்டருக்கு நாலரை லிட்டருக்கு மேல் ஸ்டெய்னரை ஊற்றினால் அவ்வளவு சாயத்தையும் அந்தப் பசையால் பிடித்து வைக்க முடியாது, அதனால்தான் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவதுதான் சிவப்பு அடிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சிவப்பிலேயே இரண்டு ஜாதி உண்டு. காவி, செம்மண், செங்கல் நிறம் எல்லாம் இரும்புத் துருவின் நிறம், அதைத்தான் அயர்ன் ஆக்சைடு என்கிறார்கள், வெயில் அதை ஒன்றும் செய்யாது. பளிச்சென்ற சிவப்புகளில் பல வேறு ரசாயனச் சாயங்கள், அதில் மட்டமானதை வெள்ளையில் கலந்து வெளியில் அடித்தால் நம் ஊர் வெயிலுக்குச் சில மாதத்தில் வெளிறிவிடும். நான் கேட்டது செங்கல் நிறம்தான், ஆனால் சுவர் வெளிறின விதத்தைப் பார்த்தால் அவர் ஊற்றியது இந்த இரண்டாவது ஜாதி என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு அத்தாட்சி என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை. மாமனாரின் அப்பா காலத்தில் போட்ட ரெட் ஆக்சைடு தரை எங்கள் திண்ணையில் இன்னும் இருக்கிறது. மேற்கு வெயில் தினமும் நேராக விழுகிற இடம். அங்கங்கே வெடித்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, ஆனால் நிறம் சிவப்புதான், ரோஸ் ஆகவே இல்லை. கோயில் மதிலில் அடிக்கிற காவிப்பட்டையும் அப்படித்தான், சுண்ணாம்பு உதிர்ந்தால் பட்டை போகுமே தவிர நிறம் மாறுவதில்லை.

அடிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஷேட் கார்டில் நான் காட்டியது நல்ல அடர்த்தியான செங்கல் நிறம், சுவரில் வந்தது கொஞ்சம் ரோஸ் கலந்த சிவப்பு. கேட்டதற்கு, "காஞ்சா டார்க் ஆகிடும்க்கா" என்றார். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாவது உண்மைதான், அந்த உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார். வெள்ளையில் எவ்வளவு சிவப்பை ஊற்றினாலும் ரோஸ் சாயல் போகாது. அடர்ந்த சிவப்புக்குக் கடையில் வெள்ளை குறைவாக இருக்கிற தனி பேஸ், அதாவது நிறம் கலப்பதற்கென்றே இருக்கிற பெயிண்டை எடுத்து, மெஷினில் டின்ட் செய்து, அதாவது சாயத்தை அளந்து கலந்துதான் கொடுப்பார்கள். அந்த பேஸ் கீழே இருக்கிற நிறத்தை அவ்வளவாக மறைக்காது, அதனால் அடியில் ஒரு நிறக் கோட் வேண்டும், மேலே சில சமயம் மூன்று கோட்கூட ஆகும். ஆகவே ஐவரிக்கும் சிவப்புக்கும் ஒரே ரேட் சொல்கிற ஆளைக் கண்டால் எனக்கு இனிமேல் பயம்தான்.

பில் விஷயத்திலும் ஏமாந்தேன். "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும்க்கா, எதுக்கு வீணா" என்று அக்கறையாகச் சொன்னார். பக்கெட்டில் அச்சடித்திருக்கிற எம்.ஆர்.பி.யிலேயே எல்லா வரியும் அடக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு அவர் வாங்கின கடைக்குப் போய்க் கேட்டால், "பில் இருந்தா பேசுங்கம்மா" என்று முடித்துவிட்டார்கள்.

சிவப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நடவு முடிந்து பச்சை ஏறின வயலுக்கு எதிரே செங்கல் நிற வீடு எவ்வளவு அழகு என்று அந்த இரண்டு மாதம் பார்த்தவள் நான். ஆனால் கடைக்கு நீங்களே போங்கள். எக்ஸ்டீரியர் என்று பக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மெஷினில் கலந்ததும் மூடியில் ஒட்டுகிற லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். ஷேட் கார்டின் சின்னச் சதுரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முழுச் சுவரில் அதே நிறம் இன்னும் தூக்கலாகத் தெரியும். ஒரு லிட்டர் வாங்கி, அதிகம் வெயில் படுகிற சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பாருங்கள். வேலை முடிந்து பத்து நாள் கழித்து ஈர வேட்டித் துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள், துணியில் நிறம் வந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் முழுப் பணத்தையும் வேலை முடிந்த சனிக்கிழமையே கொடுத்துவிட்டேன்.

என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். என்னிடம் பில் இல்லை. ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸப்பில் அவர் "ஒரிஜினல் வெளிப்புற பெயிண்ட்தான்க்கா" என்று போட்ட மெசேஜ், அந்த 23 பாட்டில், கழுவின பக்கெட், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டுத்தான் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேறொரு பெயிண்டர் உப்புத்தாள் போட்டுப் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். மேற்குச் சுவரில் ஒரு மூலையை முதலில் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, திண்ணைத் தரையோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு காவிச் சிவப்பை இரண்டடிக்கு அடித்து வைத்திருக்கிறோம். மூன்று வாரம் ஆகிறது. சித்திரை வெயிலையும் ஒரு கோடை மழையையும் அது பார்க்கட்டும், அதற்கப்புறம்தான் பக்கெட் வாங்கப் போகிறேன்.