கார்டியாலஜி ஸ்டெத் வாங்கலாமா? பல வருஷம் காதுல மாட்டிட்டு சொல்றேன்

பிஜி சேர்ந்தப்ப வாங்கின கார்டியாலஜி மாடல், இன்னிக்கும் அதே தான் கழுத்துல கெடக்கு. "அண்ணா, இது வாங்கினா மர்மர் நல்லா கேக்குமா"ன்னு ஜூனியர் பசங்க கேட்டுட்டே இருக்காங்க (மர்மர்னா ரத்தம் சுழிச்சு ஓடறப்ப இதயத்துல கேக்கற கூடுதல் இரைச்சல்), அதான் மொத்தமா எழுதிடறேன். குறையும் சொல்லப்போறதால பிராண்ட் பேர் போடல.

போட்ட காசுக்கு இது பதில் சொன்ன இடம்னா ஏஆர் (அயோர்ட்டிக் ரீகர்ஜிடேஷன்) தான். அயோர்ட்டிக் வால்வ் (இதயத்துல இருந்து ரத்தம் உடம்புக்கு போற வாசல்) ஒழுகறப்ப வர்ற மர்மர் மூச்சு விடற சத்தம் மாதிரியே மெல்லிசா, ஹை பிட்ச்ல இருக்கும், வார்டு இரைச்சல்ல சாதா ஸ்டெத்ல ஈஸியா நழுவிடும். பேஷண்ட்ட உக்கார வெச்சு, முன்னாடி குனிய சொல்லி, மூச்ச முழுசா வெளிய விட்டு நிறுத்த சொல்லிட்டு, மார்பெலும்புக்கு இடது ஓரமா மூணாவது விலா இடுக்குல டயஃப்ரத்த (ஸ்டெத்தோட தட்டையான சவ்வு) நல்லா அழுத்தி வெச்சா இதுல தெளிவா கேக்குது. ஆனா உக்கார வெக்காம படுத்தவாக்குலயே வெச்சுட்டு போனா எவ்வளவு காசு போட்ட ஸ்டெத்தும் வேஸ்ட் தான்.

எம்எஸ் (மிட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இதயத்தோட மிட்ரல் வால்வ் சுருங்கறது) விஷயத்துல தான் எனக்கு இதோட சண்டை. இதுல ரெண்டு பக்கமும் டயஃப்ரம் தான், ஒரே டயஃப்ரத்த லேசா வெச்சா லோ பிட்ச், அழுத்தினா ஹை பிட்ச். படிக்க நல்லா இருக்கு, ஆனா கூட்டமான ஓபில கை தன்னால அழுத்திடும், அப்போ மிட்ரல் ஸ்டெனோசிஸோட அந்த உருமல் காணாமலே போயிடும். அதனால சின்ன பக்கத்து டயஃப்ரத்த கழட்டிட்டு ரப்பர் ரிம் போட்டு நிஜமான பெல்லாவே (லோ பிட்ச் கேக்கற குழிவான கிண்ணம்) மாத்திட்டேன், அதுக்கப்புறம் தான் நிம்மதி. "இடது பக்கமா சாஞ்சு படும்மா"ன்னு சொல்லி, துடிக்கிற இடத்த விரலால கண்டுபிடிச்சு, அங்கயே பெல்ல தோல்ல பட்டும் படாம வெக்கணும். இதயத்தோட மொதல் சத்தம் (லப்) படார்னு இருக்கும், ரெண்டாவது சத்தத்துக்கு (டப்) அப்புறம் வால்வ் திறக்கற ஒரு ஸ்னாப், அத தொடர்ந்து உருமல். ஸ்னாப் ரெண்டாவது சத்தத்துக்கு எவ்வளவு ஒட்டி வருதோ வால்வ் அவ்வளவு இறுகியிருக்குன்னு அர்த்தம் (கால்சியம் படிஞ்சு வால்வ் வெறச்சு போயிட்டா ஸ்னாப்பே வராது, அது வேற).

இந்த பெல் எனக்கு அதிகம் உதவினது கர்ப்பிணிங்க ஓபில. சின்ன வயசுல தொண்டைப்புண் வந்து, அப்புறம் ருமாட்டிக் ஃபீவர் (மூட்டையும் இதய வால்வையும் தாக்கற காய்ச்சல்) வந்து, அத மூட்டுவலின்னு நெனச்சு விட்டிருப்பாங்க. வால்வ் சுருங்கினது அது வரைக்கும் தெரியாது, கர்ப்பத்துல ரத்தத்தோட அளவு கூடி இதயமும் வேகமா துடிக்க ஆரம்பிச்சதும் மூச்சு வாங்கும். ரத்தசோகைன்னு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிடற கேஸ் இதுல நிறைய. ரத்தசோகைல வர்ற மர்மர் சிஸ்டோல்ல (இதயம் சுருங்கறப்ப) தான் வரும், டயஸ்டோல்ல (விரியறப்ப) ஏதாவது கேட்டா யோசிக்கவே வேணாம், எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அனுப்பிடுங்க.

ஏஎஸ்க்கு (அயோர்ட்டிக் வால்வ் சுருங்கறது) இவ்வளவு காசு போட்ட ஸ்டெத் தேவையில்ல, கழுத்து வரைக்கும் ஏறுற அந்த கரகரப்பு எதுலயும் கேக்கும். சத்தம் பெருசுன்னா நோய் பெருசுன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. அமெரிக்க இதய டாக்டர் லெவின் 1933ல சொன்ன ஆறு கிரேடும் சத்தத்துக்கான அளவு தான், நாலுல இருந்து கைல அதிர்வும் தெரியும், அவ்வளவே. பம்ப் பண்ற சக்தி கொறஞ்சா முத்தின ஏஎஸ்லயும் மர்மர் சின்னதா போயிடும். மர்மர் உச்சம் லேட்டா வருதா, ரெண்டாவது சத்தம் மங்கிடுச்சா, கழுத்து நாடி மெதுவா ஏறுதா, இத பாருங்க.

மெக்கானிக்கல் (செயற்கை) வால்வ் போட்டவங்க, நம்ம பக்கம் நிறைய பேருக்கு திருவனந்தபுரத்துல உருவாக்கின சித்ரா வால்வ் (1990ல இருந்து போடறாங்க), ஃபாலோ அப் வரும்போது வால்வ் மூடற கிளிக் நறுக்குன்னு கேக்கணும். போன தடவ தெளிவா இருந்த கிளிக் இப்போ மங்கியிருந்தா ரத்தக்கட்டி சந்தேகம், அன்னிக்கே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற டெஸ்ட்), எக்கோ.

குறைகளுக்கு வர்றேன். வேர்வையும் சானிடைசரும் பட்டு பட்டு ட்யூப் வெறச்சு போச்சு, டயஃப்ரம் ஓரம் விரிஞ்சு மாத்தியாச்சு, ஸ்பேர் பார்ட்ஸ் ஆன்லைன்ல டூப்ளிகேட் நெறைய வருது. நாள் முழுக்க போட்டா கழுத்து வலிக்கும். ஃப்ரெண்டோட டிஜிட்டல் ஸ்டெத்தும் கொஞ்ச நாள் வாங்கி பாத்தேன், அமைதியான ரூம்ல அருமை, நம்ம ஓபில ஃபேன் சத்தத்தையும் சேத்து பெருசாக்கி தருது, போதாக்குறைக்கு சார்ஜ் வேற போடணும்.

எம்பிபிஎஸ் படிக்கிறவங்களுக்கு ஒரு பக்கம் பெல், ஒரு பக்கம் டயஃப்ரம் இருக்கற சாதாரணமானதே தாராளம். மெடிசின், கார்டியோ, பீடியாட்ரிக்ஸ் போறவங்க மட்டும் இத வாங்கலாம், வாங்கறப்பவே எக்ஸ்ட்ரா இயர்பீஸ் ஒரு செட் எடுத்துடுங்க, மறக்காம பேர் பொறிச்சுடுங்க, ஹவுஸ் சர்ஜன் ரூம் டேபிள்ல வெச்ச ஸ்டெத் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.