முற்றம் தாண்டிப் போகும் கழிப்பறை: ஸ்டூலா, யூரோப்பியன் க்ளோசெட்டா, புது பாத்ரூமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் கழிப்பறை வீட்டுக்குப் பின்னால்தான். படியிறங்கி, முற்றம் தாண்டி, மறுபடி படியேற வேண்டும். அம்மாவுக்கு முட்டு வலி என்றதும் எல்லோரும் இருக்கையைத்தான் மாற்றப் பார்க்கிறார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் நனைக்கிற இந்த மாவட்டத்தில், பாசி பிடித்த சிமென்ட் முற்றத்தில் ராத்திரி நடக்கிற அந்தப் பத்தடிதான் பெரிய ஆபத்து.

இந்தியன் க்ளோசெட்டின் மேல் நிறுத்துகிற, நடுவில் ஓட்டையுள்ள கமோட் ஸ்டூல் அன்றைக்கே பயனுக்கு வரும். தரை சமமாக இருந்தால் மட்டும். க்ளோசெட்டை மேடை கட்டிப் பதித்திருந்தால் நாலு காலும் ஒருசேரப் பதியாது, எழும்போது ஆடும். ரப்பர் புஷ் தேய்ந்தாலும் வழுக்கும், மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். முற்றத்து நடை அப்படியேதான் இருக்கும் என்பதால், ராத்திரிக்குக் கட்டிலருகே வாளி வைத்த கமோட் நாற்காலி ஒன்றும் வேண்டும்.

பழைய இடத்திலேயே யூரோப்பியன் க்ளோசெட் வைப்பதில் வேலை கெடுவது பெரும்பாலும் தரைக்கு அடியில். பழைய ட்ராப்பை (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவுக் குழாய்) மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, மேலே தனக்குள்ளேயே ட்ராப் உள்ள எஸ் ட்ராப் க்ளோசெட்டை உட்கார வைத்தால் ட்ராப் இரண்டாகிவிடும். நடுவில் காற்று அடைபட்டு, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பாதியில் நிற்கும். தோண்டி எடுத்துவிட்டு 4 அங்குலக் குழாயை நேராக இழுக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து துளையின் மையம் வரை உள்ள அளவை (9 அங்குலம், 12 அங்குலம் என்று வரும்) டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து எடுக்க வேண்டும். உயரத்துக்கு அம்மாவை நாற்காலியில் பாதம் பதிய உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் பிடியுங்கள். இருக்கை அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுவது சுலபம். சாதாரண க்ளோசெட் 15, 16 அங்குலம்தான் இருக்கும்.

படுக்கையறையை ஒட்டிப் புது பாத்ரூம் கட்டுவதுதான் செலவு அதிகம், ஆனால் முற்றத்துப் பிரச்சினையை ஒழிப்பது அது ஒன்றுதான். கொத்தனாரைக் கூப்பிடும் முன் செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். 40 அடிக்கு 1 அடி சரிவு என்றால், 20 அடிக்குக் குழாய் அரை அடி இறங்க வேண்டும். டேங்கின் வாய் அதைவிட மேலே இருந்தால் திட்டமே நடக்காது. உயரமான அஸ்திவாரமுள்ள பழைய வீடுகளுக்கு இதில் யோகம். பாத்ரூம் வாசலில் படி வைக்காமல், தண்ணீரைத் தரைச் சரிவால் மட்டும் திருப்பச் சொல்லுங்கள்.

எங்கள் பரிந்துரை: குழாய்க்குச் சரிவு கிடைத்தால் புது பாத்ரூம். கிடைக்காவிட்டால் பழைய இடத்தில் யூரோப்பியன் க்ளோசெட், கூடவே கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கூரையும் விளக்கும். ஸ்டூல் வேலை முடியும் வரைக்கும் போதும்.

எதைச் செய்தாலும் கைப்பிடி வேண்டும். டவல் ராடு ஆள் பாரத்தைத் தாங்காது (பிடித்துத் தொங்கிய பிறகே பலருக்கு இது தெரிகிறது). குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியிலும் உப்புக் காற்றால் பழுப்புப் புள்ளி விழும், 316 ரகம் வாங்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது.