டீக்கடை நிறுத்தத்துக்கு ஒரு கேபிள் பூட்டு: இரண்டு வருட உபயோகத்துக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரைடுக்கு வரும் நண்பர் ஒருவர், ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறது, இந்தப் பூட்டை வாங்கலாமா என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூடு, இழுத்தால் வெளியே வரும் கேபிள், மூன்று எண் சக்கரங்கள். எல்லோரும் பார்த்திருக்கும் அதே வகைதான். கூடவே சாவி சுமக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் 75 கிராம் காட்டுகிறது. கேபிள் 90 செ.மீ.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூட்டை உருவாக்கியவர்கள் சைக்கிளோடு நின்று அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரிகிறது. ரோடு பைக்கின் (மெல்லிய டயர் வேக சைக்கிள்) பின்சக்கர ரிம்மையும் டயரையும் சேர்த்து, சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாயான சீட் டியூபைச் சுற்றிக் கட்ட ஏறக்குறைய 45 செ.மீ. போகும். ஈசிஆர் (சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்து டீக்கடைகளில் பந்தல் தாங்கும் சவுக்குக் கம்போ, போர்டு நட்ட இரும்புப் பைப்போ 9 செ.மீ. கனம் இருக்கும். அதைச் சுற்ற 30 செ.மீ. வேண்டும். ஆக 75 போக, முனையைக் கூட்டில் சொருகக் கைக்கு 15 செ.மீ. மிச்சம். இதே வகையில் 65 செ.மீ. பூட்டும் விற்கிறது. அதில் சக்கரத்தையும் ஃபிரேமையும் மட்டும்தான் கட்ட முடியும். உருட்டிக்கொண்டு போவதைத் தடுக்குமே தவிர, தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. பனைமரம் எந்த அளவுக்கும் அடங்காது, அதை மறந்துவிடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து நின்றால் கம்பமே வேண்டாம். ஒரு சைக்கிள் கிழக்கே பார்க்கட்டும், இன்னொன்று மேற்கே பார்க்கட்டும். இதன் பின்சக்கரத்தையும் ஃபிரேமையும், அதன் முன்சக்கரத்தையும் டவுன் டியூபையும் (ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்கு இறங்கும் குழாய்) ஒரே கேபிளில் கோத்துவிடுங்கள். எதிரெதிர் திசையில் பிணைந்த இரண்டு சைக்கிளை ஒருவர் தூக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. குவிக் ரிலீஸ் (கருவி இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் நெம்பு) இருக்கும் முன்சக்கரம் கேபிளில் கோக்காமல் வெளியே நிற்கும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டையும் அதிலேயே கோக்கலாம். வாரில் கோக்காமல் காற்றுத் துளைகள் வழியாகக் கேபிளை விடுங்கள். வாரைப் பிளேடால் ஒரு இழுப்பில் அறுத்துவிடலாம்.

இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதிலும் தெளிவு வேண்டும். உறையை உரித்தால் உள்ளே கம்பி 2 மி.மீ.கூட இல்லை. எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கட்டிங் பிளேயர் இரண்டு அழுத்தில் வெட்டிவிடும். பிரேக் கேபிள் வெட்டும் கட்டர் இருந்தால் ஒரே அழுத்து. சும்மா கடந்து போகிறவன் ஏறி மிதித்துவிடக் கூடாது, அதற்கு மட்டும்தான் இது. சைக்கிளுக்கும் உங்கள் டம்ளருக்கும் நடுவே பத்தடி தூரம், பார்வைக்கு மறைவில்லாத இடம், பத்து நிமிடம். ரயில் நிலையத்தில் காலையிலிருந்து மாலை வரை விடுவதற்கு யு-லாக் (U வடிவக் கெட்டி இரும்புப் பூட்டு) வேண்டும். அது ஒரு கிலோவைத் தொடும், நிறைந்த தண்ணீர் பாட்டிலைவிடக் கனம். அதைத் தூக்கிக்கொண்டு மகாபலிபுரம் வரை மிதிக்க யாரும் விரும்ப மாட்டார்கள். பழைய சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு ஒட்டி வளையப் பூட்டு இருந்தது. சாவியைத் திருகினால் வேலை முடிந்தது. ரோடு பைக் ஃபிரேமில் அதை மாட்ட இடமே விடுவதில்லை. இத்தனை தேடலுக்கும் அதுதான் காரணம்.

மூன்று எண் என்றால் 1000 சேர்க்கை. ஒன்றுக்கு இரண்டு நொடி என்றால் எல்லாவற்றையும் முயல அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும், டீக்கு அது போதும். ஆனால் பூட்டியதும் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்போது 1000 பத்தாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றையும் கலையுங்கள்.

இனி அந்த ரீசெட் பொத்தான். இரண்டு வருடமாக இந்தப் பூட்டைப் பற்றி வாய் திறந்தாலே கோபம் முதலில் வருவதற்கு அது ஒன்றுதான் காரணம். கூட்டின் பக்கவாட்டில், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும் நகர்த்து பொத்தான். பூட்டு திறந்திருக்கும்போது அதைத் தள்ளினால், உள்ளே எண் சக்கரங்கள் அச்சிலிருந்து கழன்றுகொள்ளும். பிறகு சக்கரத்தில் எந்த எண்ணை வைத்துப் பொத்தானைத் திரும்ப விடுகிறீர்களோ, அதுதான் புதிய எண். வடிவமைப்பு சரி. ஆனால் அந்தப் பொத்தானை நகர்த்த எந்த அழுத்தமும் தேவையில்லை. ஜெர்சியின் பின்பையில் ஸ்பேர் டியூப், டயர் லீவர், செல்போன் எல்லாவற்றோடும் உரசிக்கொண்டு 40 கிலோமீட்டர் போகும்போது அது தானாகத் தள்ளப்படுகிறது. சக்கரங்கள் உருளுகின்றன. பொத்தான் திரும்பி உட்காருகிறது. உங்கள் எண் இப்போது உங்களுக்கே தெரியாத ஒன்று. கோவளத்தில் இறங்கி, வழக்கம்போல் கேபிளைச் சுற்றி, முனையைச் சொருகி, எண்ணைக் கலைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது சைக்கிளைத் திறக்க வழியில்லை. இத்தனை கவனமாக நீளத்தை அளந்தவர்கள், பேனா முனையால் மட்டும் அழுத்தக்கூடிய ஒரு குழிக்குள் அந்தப் பொத்தானை வைத்திருக்கலாமே. எத்தனை முறை நினைத்தாலும் ஆறவில்லை.

அப்படி மாட்டிக்கொண்டால் உடனே பிளேயர் தேடாதீர்கள். முனையை வெளியே இழுத்து, இழுவிசையை விடாமல் ஒவ்வொரு சக்கரமாகத் திருப்புங்கள். ஒரு சக்கரம் மற்றவற்றைவிட இறுக்கமாகத் திரும்பும், அதை முதலில் பிடியுங்கள். ஒரு எண்ணில் லேசாக உட்காருவது விரலுக்குத் தெரியும். அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த இறுக்கமான சக்கரத்துக்குப் போங்கள். பொறுமையாகச் செய்தால் சில நிமிடத்தில் திறக்கும். உங்களுக்கு முடிகிறது என்றால் வேறு யாருக்கும் முடியும், அதையும் மனதில் வையுங்கள்.

வராமல் தடுக்கும் வழி சுலபம். பூட்டைத் திறந்தபடியே பையில் போடாதீர்கள். கேபிளை உள்ளே விட்டு, முனையைக் கூட்டிலேயே சொருகி, எண்ணைக் கலைத்துவிட்டுப் போடுங்கள். பூட்டிய நிலையில் ரீசெட் பொத்தான் நகராது. நாலு நொடி வேலை. இன்னொரு பழக்கம்: வெளியே எடுத்ததும், சைக்கிளைச் சுற்றுவதற்கு முன், கையிலேயே ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள்.

கடற்கரைக் காற்றும் வியர்வையும் சேர்ந்து செய்யும் சேதம் தனி. ஆறேழு மாதத்தில் எண்களில் இருந்த வெள்ளைப் பெயின்ட் கரைந்து, விடியற்காலை இருட்டில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போனது. பள்ளத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் தடவி, ஈரம் காய்வதற்குள் பழைய விசிட்டிங் கார்டின் விளிம்பால் வழித்துவிட்டால் எண் மட்டும் நிற்கும். சக்கரங்கள் இறுகினால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நாலைந்து சுற்றுத் திருப்பி, துணியால் ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. மணலோடு சேர்ந்து பிசினாகிவிடும். கேபிள் கூட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒன்றரை வருடத்தில் உறை வெடித்து, கம்பி இழை ஒன்று மீன்முள் போல் நீட்டிக்கொண்டு வந்தது. இழுக்கும்போது விரலைக் கிழிக்கும். சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு அங்குலம் போட்டாலும், கேபிள் அந்த அளவுக்கு உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. அதற்கு வேறு வைத்தியம் கிடைக்கவில்லை.

உள்ளே இருக்கும் சுருள்வில் மட்டும் இன்றுவரை தளரவில்லை. அதனால்தான் எச்சரிக்கை: முனையைக் கையில் பிடித்தபடியே கேபிளை உள்ளே விடுங்கள். அப்படியே விட்டால் அந்த உலோக முனை சாட்டை மாதிரி வந்து ஃபிரேமின் மேல் குழாயில் அடிக்கும். பெயின்ட் பெயர்ந்துவிடும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். நீளம், எடை, பையில் அடங்கும் அளவு மூன்றிலும் இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. இருந்தும் வாங்காதீர்கள். பொத்தானை அப்படி வைத்தவர்களுக்கு இன்னொரு முறை காசு கொடுக்க மனம் வரவில்லை. கடையில் இதே வகைப் பூட்டைக் கையில் எடுத்து, ரீசெட் இருக்கும் பக்கத்தைச் சட்டையில் தேய்த்துப் பாருங்கள். நகராமல் இருப்பது எதுவோ, 90 செ.மீ. இருப்பது எதுவோ, அதை எடுங்கள்.

ஏற்கெனவே இதை வாங்கி வைத்திருப்பவர்கள், உங்களுக்குப் பிடித்த எண்ணை வைத்து, மூன்று முறை பூட்டித் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பொத்தானைச் சுற்றி உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, துடைத்து, பட்டாணி அளவு எம்-சீல் பிசைந்து பொத்தானின் மேல் அப்பிவிடுங்கள். சக்கரப் பக்கம் வழியக் கூடாது. ஒரு இரவு காயட்டும். அதன் பிறகு எண்ணை மாற்ற முடியாது, அது தானாகவும் மாறாது.