ஏர் ஆம்புலன்ஸ் மெம்பர்ஷிப்: பெற்றோர் ஊரில், பிள்ளைகள் பெங்களூரில்

ஏர் ஆம்புலன்ஸ் மெம்பர்ஷிப் என்பது, வருடக் கட்டணம் கட்டி வைத்தால் அவசரத்தில் நோயாளியை விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் திட்டம். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை எடுப்பது பெரும்பாலும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காகத்தான். வருடா வருடம் புதுப்பித்து வரும் நாங்கள் முதலில் சொல்வது இது: ‘வீடு’ என்று ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பல திட்டங்கள் பயணம் போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பதிவு செய்த முகவரியிலிருந்து குறிப்பிட்ட தூரம் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் விமானம் வரும். அப்பாவின் முகவரி தென்காசி, அவருக்கு முடியாமல் போவதும் தென்காசியில் என்றால் கட்டிய பணம் வீண். பெங்களூர் முகவரியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். க்ளைம் நேரத்தில் முகவரிச் சான்று கேட்பார்கள். தூர வரம்பே இல்லாத திட்டம் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அடுத்து, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? ‘அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை’ என்றிருந்தால், தென்காசி நோயாளியை மதுரைக்கு ரோடு வழியாகக் கொண்டுபோய் விட்டாலே அவர்கள் கடமை முடிந்தது. பிள்ளைகள் இருக்கும் பெங்களூருக்கு வரவேண்டும் என்றால் ‘உறுப்பினர் விரும்பும் மருத்துவமனை’ என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு இந்த மெம்பர்ஷிப் உதவாது. நெஞ்சு வலியோ பக்கவாதமோ என்றால் 108-தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விமானமோ, டாக்டர் குழு கிளம்பி, அனுமதி வாங்கி, பறந்து வந்து, நோயாளியை ஏற்றி இறக்குவதற்குள் எல்லாம் கூடிவந்த நாளிலேயே ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். அதனால் சேலத்திலிருந்து வர, சுமார் 200 கி.மீ.க்கு, வென்டிலேட்டர் வசதியுள்ள ஐசியூ ஆம்புலன்ஸே மேல். திருநெல்வேலி மாதிரி 600 கி.மீ. பக்கம் என்றால் விமானத்துக்கு அர்த்தம் உண்டு. அங்கேயும் ஒரு சிக்கல்: சிறிய விமான நிலையங்களுக்கு இயங்கும் நேரம் உண்டு. ராத்திரி அழைத்தால் விடியும்வரை காத்திருக்க நேரலாம். நேரத்தை நீட்டிக்கத் தனிக் கட்டணம். அதை யார் கட்டுவது என்று முன்பே கேளுங்கள்.

பெங்களூரில் எங்கே இறக்குவார்கள் என்பதும் முக்கியம். ஊருக்கு வடக்கே தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கினால், தெற்கே ஓசூர் ரோடு பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஊரையே குறுக்கே கடந்து வரவேண்டும். சாயங்கால டிராஃபிக்கில் விமானத்தில் மிச்சம் பிடித்த நேரம் இங்கே கரைந்துவிடும். ஊருக்குள் இருக்கும் பழைய ஹெச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்க முடியுமா என்று விமானத்துக்கு அழைக்கும்போதே கேட்க வேண்டும்.

ஆக்சிஜன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் 100 நிமிடம். ஏற்றுவதிலிருந்து இறக்கும்வரை 135 நிமிடம் என்றால் 2,025 லிட்டர். தாமதத்துக்கும் சேர்த்து இரண்டு மடங்கு வைத்தால் மூன்று சிலிண்டர். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நோயாளியை ஏற்ற விடாதீர்கள். மேலே போகப் போகக் கேபின் அழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால் பறப்பதற்கு முன்பே அதை வெளியேற்ற நெஞ்சில் குழாய் போட்டாக வேண்டும். சுவாசக் குழாயைத் தொண்டைக்குள் நிறுத்தி வைக்கும் பலூனும் உப்பும். அதன் அழுத்தத்தை வழியில் அளந்து சரிசெய்வார்களா என்று குழுவின் டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

பணம் விஷயம் சுருக்கமாக. மெம்பர்ஷிப் இல்லாவிட்டால், விமானம் நிற்கும் ஊரிலிருந்து காலியாக வந்து போகும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில். மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஏர் ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதற்குத் தனி உச்சவரம்பு இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைச் சில பாலிசிகள் ஏற்பதே இல்லை. மெம்பர்ஷிப்பிலும் ‘படுக்கையிலிருந்து படுக்கை வரை’ என்று இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ரோடு ஆம்புலன்ஸ் செலவு நம் தலையில். பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும், வயது வரம்பும் உண்டு. எழுபதைத் தாண்டிய பெற்றோருக்கு இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அழைத்தவுடன் அவர்கள் கேட்பவை: ஏற்றுக்கொள்ளும் டாக்டரின் பெயர், உறுதியான ஐசியூ படுக்கை, அனுப்பும் டாக்டரின் சம்மதக் குறிப்பு, கடைசி ஏபிஜி (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட், எந்த மருந்து மணிக்கு எத்தனை மில்லி ஓடுகிறது, நோயாளியின் எடை, கூட வருபவரின் ஆதார். சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் இடம். படுக்கை உறுதியாகாமல்தான் பல மணி நேரம் வீணாகிறது. பெங்களூரில் இருக்கும் பிள்ளை நேரில் போய் நின்று வாங்க வேண்டிய காகிதம் அது. மெம்பர்ஷிப் எண், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஊரில் பக்கத்து வீட்டில் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். அம்மா பதற்றத்தில் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.