எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டே நின்றுபோகும் கசாண்ட்ரா: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கீழக்கரையில் உள்ள எங்கள் மூன்றாவது சர்வரின் எஸ்எஸ்டியை, அதாவது தரவைச் சேமிக்கும் வட்டை, மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். சொற்களில் சற்றுச் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை ஆகிய மூன்று நிலையங்களின் நண்டு, இறால் கொள்முதல் கணக்கும் எடைச் சீட்டுகளும் ஒரே கசாண்ட்ரா கிளஸ்டரில் இருக்கின்றன; கசாண்ட்ரா என்பது பல சர்வர்களில் பரவி இயங்கும் தரவுத்தளம், அப்படிச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டமே கிளஸ்டர். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நகல்கள். படிக்கவும் எழுதவும் குவோரம், அதாவது மூன்றில் இரண்டு சர்வர்கள் பதில் சொன்னால் போதும்.

என் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கிளஸ்டர் நின்றுபோன நேரத்தில் சர்வர்களின் நிலையைக் காட்டும் 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' கட்டளையைக் கொடுத்தால், நின்றதற்குக் காரணமான சர்வரையே அது 'யுஎன்' என்று, இயங்குகிறது, இயல்பாக இருக்கிறது என்று, கூசாமல் காட்டும். இம்முறை மண்டபத்தில் இணைய இணைப்பு அறுந்திருந்ததால் அந்தச் சர்வர் 'டிஎன்', அதாவது விழுந்துவிட்டது, என்று வந்தது, அது நியாயம். மற்ற இரண்டும் 'யுஎன்'. கணக்குப்படி குவோரத்துக்கு இரண்டு போதும். ஆனால் தராசுக்குப் பக்கத்தில் நண்டுக் கூடைகள் வரிசையில் காத்திருக்க, சீட்டுத் திரையோ சுற்றிக்கொண்டே இருந்தது.

சர்வர்கள் வினாடிக்கு ஒருமுறை தங்களுக்குள் 'காசிப்' செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்தச் செய்தி தவறாமல் வரும்வரை அனுப்பிய சர்வர் உயிரோடு இருப்பதாகவே மற்றவை கருதும். அதை அனுப்புவதற்கு வட்டு வேகமாக இருக்க வேண்டிய தேவையில்லை என்பதால், எஸ்எஸ்டி பழுதாகி எழுதுவதே திணறும் நிலையிலும் கீழக்கரைச் சர்வர் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்று மிதக்கும் விசைப்படகு, வயர்லெஸ்ஸில் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்வதைப் போல. உண்மையிலேயே இரண்டு சர்வர்கள் விழுந்திருந்தால், கோரிக்கையைப் பெற்ற சர்வர் போதிய நகல்கள் இல்லை என்ற பிழையை உடனே திருப்பியிருக்கும். நாங்களும் காகிதச் சீட்டுக்கு மாறியிருப்போம். அரை உயிரோடு ஒன்று இருந்தாலோ, இயல்பு அமைப்பின்படி எழுதுவதற்கு 2 வினாடியும் படிப்பதற்கு 5 வினாடியும் காத்திருந்து, காலம் கடந்தது என்ற பிழையைப் பெற்று, மறுபடியும் முயன்று, கோரிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, நல்ல சர்வரும் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது.

ஆகவே ஸ்டேட்டஸ் காட்டுவதை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக, கோரிக்கை வரிசைகளைக் காட்டும் 'டிபிஸ்டாட்ஸ்' பார்த்து, எங்கே எழுத்துக் கோரிக்கைகள் தேங்குகின்றன, எங்கே செய்திகள் கைவிடப்படுகின்றன என்று தேட வேண்டும். பிறகு ஜிசி (நினைவகத்தைத் துப்புரவாக்கும் வேலை) பதிவில் நீண்ட நிறுத்தங்கள் உண்டா, கம்பாக்ஷன் (வட்டிலுள்ள தரவுக் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலை) பின்தங்கியிருக்கிறதா, 'ஐஓஸ்டாட்' கட்டளை காட்டும் வட்டுக் காத்திருப்பு நேரம் என்ன என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் கீழக்கரை சிக்கியது. அதை அப்போதே விலக்கவும் முடியாது. விலக்கினால் மிஞ்சுவது ஒன்றே. மண்டபத்துச் சர்வரைச் செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அது திரும்பிய பிறகே கீழக்கரையில் செயலிகளின் இணைப்பை நிறுத்தும் 'டிசேபிள்பைனரி', காசிப்பை நிறுத்தும் 'டிசேபிள்காசிப்' கட்டளைகளைக் கொடுத்தோம். சர்வரை ஒழுங்காக நிறுத்தும் 'டிரெயின்' கட்டளையைக் கொடுக்கவில்லை, நினைவகத்தில் இருப்பதையெல்லாம் பழுதான வட்டில் எழுதத் தொடங்கி அதுவும் தொங்கியிருக்கும். கீழக்கரை 'டிஎன்' ஆனது, சீட்டுகள் ஓடத் தொடங்கின. ஒரு சர்வரைச் செத்ததாக அறிவித்தால்தான் மற்றவை பிழைக்கும் என்பது என்ன வடிவமைப்போ!

பாராட்டையும் மறைக்கக் கூடாது. வெற்று எஸ்எஸ்டியோடு எழுந்த கீழக்கரைச் சர்வர், பழைய சர்வரின் இடத்தை ஏற்று, மற்ற இரண்டிலிருந்தும் தரவை இழுத்துத் தன்னை நிரப்பிக்கொண்டது. பதிவான சீட்டு ஒன்றுகூட விடுபடவில்லை. மண்டபத்தின் இணைப்பு 3 மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால், அதற்காக மற்ற சர்வர்கள் எடுத்துவைத்த 'ஹின்ட்' குறிப்புகளே விடுபட்டதைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் போனால், நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'ரிப்பேர்' ஓட்ட வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கம்பி அறுவதும் மின்சாரம் போவதும் வழக்கமான இந்தக் கரையில், இது சிறிய உதவியல்ல.

ஆனால் நம் ஊர்க் காலண்டர் அதற்குத் தெரியாது. அழித்த பதிவின் அடையாளமான டூம்ஸ்டோனை அது இயல்பாக 10 நாள்களே கட்டாயம் காக்கும். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். விசைப்படகுகளை நம்பிய மண்டபம் நிலையத்தைப் பூட்டி, சர்வரையும் அணைத்துவிட்டு ஜூனில் அப்படியே எழுப்பினால், மற்ற இடங்களில் ரத்து செய்து அழித்த சீட்டுகள், அழித்தது தெரியாத அதன் பழைய நகலிலிருந்து மீண்டும் உயிர்பெற்று வரக்கூடும். அதனால் ஆளில்லாத அலுவலகத்தில் அந்தச் சர்வருக்கு மட்டும் இரண்டு மாதம் மின்கட்டணம் கட்டுகிறோம்.

தொண்டியில் இதே தொழிலில் இருக்கும் நண்பர், தாமும் மூன்று சர்வர்கள் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே இடத்தில் கொள்முதல் செய்பவருக்கு போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான தரவுத்தளம் ஓடும் ஒரு சர்வரும் அதன் நகலாக இன்னொன்றும் தாராளம். நின்றால் நின்றது என்றாவது தெரியும். நாங்கள் மாற்றப்போகிறோமா என்றால், இல்லை. வட்டுக் காத்திருப்பு நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மிகுந்தால் என் செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஸ்கிரிப்டை மூன்று சர்வர்களிலும் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் தேவிபட்டினத்தில் நான்காவது சர்வரையும் சேர்க்கிறோம்.